ஐந்து ஆட்டமும் ஆறு மா நிலமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அதுதான் எனக்கு மரியாதை. நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை, பி.ஏ. வரலாறு படித்த முட்டாள். ஆறு மா நிலம் எங்களிடம் நிற்குமா போய்விடுமா என்று விசாரணை நடந்த அறையில், யாரும் கேட்காமலே எழுந்து நின்று, டிவி கேமில் டாங்கியை எப்படி ஓட்டவேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கியவன். அதுவும் எதிர்த் தரப்பு சாட்சியை மடக்குவதாக நினைத்துக்கொண்டு.

இப்போதெல்லாம் தங்களுக்குப் பிடித்த ஆட்டங்களை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தி ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் தன் வரிசையை ஒரு வருவாய்த்துறை அதிகாரிக்கு முன்னால் வாக்குமூலமாகக் கொடுத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தத் தகுதியில் நானும் எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். மன்னார்குடிக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையில், கடைசி மின்கம்பத்தை ஒட்டி இருந்தது அந்த நிலம். நிலம் எங்களுடையது அல்ல. மிராசுதார் குடும்பம் சென்னைக்குக் குடிபோய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. என் அப்பா அதைக் குத்தகைக்கு உழுதார். அவர் காலமான பிறகு குத்தகை என் பேருக்கு வந்தது. உழவு என் மனைவிக்கு வந்தது.

அவள் பேராவூரணிப் பக்கத்துக்காரி. தென்னந்தோப்பில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் நாற்றுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். தெரிந்ததால், தெரிந்தது போதும் என்று வீட்டில் இருந்துவிட்டேன். அவள் இறங்கிவிட்டாள்.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்த காலம் அது. எங்கள் தெருவுக்கு டிவி வந்த அன்று இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் டிவியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, எல்லாம் மக்கள் வரிப்பணம் என்று சத்தமாகத் திட்டிக்கொண்டே, அது கீழே விழுந்துவிடாமல் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆட்சியில் மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தார்கள். அப்போது இவர் சும்மா வாங்கிப் போக, மற்றக் கட்சிக்காரர் திட்டிக்கொண்டே வாங்கிப் போனார். ஆட்சி மாறும், வரிசை மாறாது.

டிவி வந்த சில மாதத்தில் துபாயிலிருந்து என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், லீவில் வந்தார். கம்பளி, தைலம், சென்ட் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு அடியிலிருந்து கறுப்பாக ஒரு டிவி கேம் பெட்டியை எடுத்தார். வயரோடு, பட்டன் வைத்த இரண்டு கைக்கட்டைகள், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, நடுவில் கேசட் செருக ஒரு வாய். பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்றார். பிள்ளை அப்போது எங்கள் யோசனையில்கூட இல்லை. ஆனாலும் வெளிநாட்டுச் சாமான் ஓட்டாமல் வைத்தால் கெட்டுப்போகும் அல்லவா? அவ்வப்போது ஓட்டிப் பார்ப்பது தகப்பனாகப்போகிறவனின் கடமை என்று எடுத்துக்கொண்டேன். கரண்டு இருந்த எந்த நாளிலும் அந்தக் கடமையிலிருந்து நான் தவறியதில்லை.

கேசட்டுக்கு மன்னார்குடி தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பாய் கடை இருந்தது. வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். மஞ்சள் கேசட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மேலே ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆட்டம் என்று அச்சடித்திருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஏழெட்டு ஆட்டங்கள்தான். அவையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்தன. எங்கள் பக்கத்தில் ஒரே நிலத்துக்கு நாலு பேர் பத்திரம் வைத்திருப்பது உண்டு. அது போலத்தான். மறுநாள் கேசட்டோடு போய் நியாயம் கேட்டேன். பாய் பதறவே இல்லை.

"தம்பி, அத்தனையையும் பாத்தாச்சா?"

"இல்ல பாய். ஒரு இருநூறு பாத்தேன்."

"அப்பறம் எப்படிச் சொல்றீங்க? மீதியையும் பாத்துட்டு வாங்க. நீங்க முடிக்கிறதுக்குள்ள காவேரியில தண்ணி வந்துடும்."

நியாயமாகத்தான் பட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

இனி வரிசை. கடைசியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் முறை.

ஐந்தாம் இடம் வாத்து ஆட்டத்துக்கு. துப்பாக்கியை டிவிக்கு நேரே பிடித்துப் பறக்கிற வாத்தைச் சுடவேண்டும். தப்பினால் புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். எங்கள் ஊரில் அறுவடை முடிந்ததும் நிஜ வாத்துகள் ஆயிரக்கணக்கில் வயலில் இறங்கும், சிந்திய நெல்லைப் பொறுக்க. அவற்றை ஓட்டிவருகிறவர்கள் ஒரு கோலை வைத்துக்கொண்டு அத்தனையையும் வளைத்து மடக்கிவிடுவார்கள். என்னால் டிவிக்குள் இருந்த ஒரு வாத்தைக்கூட ஒழுங்காக அடிக்க முடியவில்லை. கடைசியில் துப்பாக்கி முனையைக் கண்ணாடியிலேயே ஒட்டிவைத்துச் சுட்டேன். அப்போதும் நாய் சிரித்தது. கூடையோடு அந்தப் பக்கம் போன என் மனைவி நின்று பார்த்துவிட்டு, "அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதனால்தான் ஐந்தாம் இடம். ஆட்டத்தில் குறை ஒன்றும் இல்லை.

நான்காம் இடம் கட்டை அடுக்கும் ஆட்டம். மேலேயிருந்து விதவிதமான கட்டைகள் விழும். சந்தில்லாமல் அடுக்கினால் வரிசை கரையும். என் உத்தி எப்போதும் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிவிட்டு ஒரு ஓரத்தில் மட்டும் ஆழமாகக் குழி விட்டுவைப்பேன். நீளக் கட்டை வரும், அதில் இறங்கும், நாலு வரிசை ஒரேயடியாகக் கரையும் என்று காத்திருப்பேன். அது வராது. கோணல் கட்டையாக வரும். அடுத்தது வரும் என்று இன்னும் காத்திருப்பேன். குவியல் கழுத்துவரை வந்துவிடும். எனக்கு இது பிறவிக் கோளாறு. எங்கள் ஜில்லாவே மேலே மேட்டூரில் தண்ணீர் திறந்து விடப்படும் என்று அண்ணாந்து பார்த்தபடி நாற்றங்காலைத் தயாராக வைத்திருக்கிற ஜில்லா. நான் மட்டும் வேறு எப்படி ஆடுவேன்?

மூன்றாம் இடம் பைக் பந்தயம். வேக பட்டனை அதிகம் அழுத்தினால் இன்ஜின் சூடேறி நின்றுவிடும். வண்டிக்காரன் ஓரமாகப் போய் நின்று ஆறும்வரை காத்திருப்பான். இந்த ஆட்டத்தில் நான் கெட்டிக்காரன். ஓரமாக நிற்கும் கலை எனக்குச் சொல்லிக்கொடுக்காமலே வரும்.

இரண்டாம் இடத்துக்குப் போவதற்கு முன் கரண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அது புரியாமல் மேலே படித்துப் பிரயோஜனம் இல்லை.

ஆற்றில் தண்ணீர் தாமதமானால் பம்புசெட்டுதான் கதி. பம்புசெட்டுக்குக் கரண்டு வேண்டும். கரண்டு முறை வைத்துத்தான் வரும், சொல்லாமல் போகும். வந்தது என்றால் எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்து ஓடுவோம். அவள் கொல்லைப்புறமாக மோட்டார் கொட்டகைக்கு. நான் கூடத்துக்கு. ஊர்க் கோடியில் எங்கள் வீடு. அதற்கு அடுத்த கம்பம், அதாவது கடைசிக் கம்பம், எங்கள் பம்புசெட்டு. வேறு யாராவது மோட்டார் போட்டால் டிவியில் படம் லேசாகத் துள்ளும், அவ்வளவுதான். எங்கள் மோட்டாரைப் போட்டால் வோல்டேஜ் அப்படியே இறங்கி, படம் இரண்டு பக்கமும் சுருங்கி, கட்சிக்காரர் வேட்டிக் கரை மாதிரி ஓரத்தில் பட்டையாகக் கறுப்பு விழும். அவள் மோட்டாரை நிறுத்தினால் படம் மறுபடி விரியும். வீட்டில் உட்கார்ந்தபடியே அவள் எந்த நேரம் வயலில் இருக்கிறாள் என்று என்னால் சொல்ல முடியும். சொல்லும் அவசியம் மட்டும் வரவில்லை.

இரண்டாம் இடம் தொப்பிக்காரன் ஆட்டம். குள்ளமாக ஒருவன், ஓடுவான், தாவுவான், தலையால் செங்கல்லை முட்டுவான், குழியைத் தாண்டுவான். இதுதான் எனக்கு உயிர். மூன்றாவது கட்டத்தில் ஒரு நீளமான குழி உண்டு. சரியாக விளிம்பில் வந்து தாவவேண்டும். நான் விளிம்புக்கு வரவும், அங்கே அவள் சுவிட்சைப் போடவும் சரியாக இருக்கும். படம் சுருங்கும். விளிம்பு நகர்ந்தமாதிரி இருக்கும். தொப்பிக்காரன் குழிக்குள் போய்விடுவான். நான் கொல்லைக்கு ஓடிப்போய் வயலைப் பார்த்துக் கத்துவேன், மோட்டாரை இப்போதுதான் போடவேண்டுமா என்று. மடையில் குனிந்து மண்ணை வெட்டிக்கொண்டிருப்பவள் நிமிரமாட்டாள். காதில் விழவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் நோட்டீஸ் வந்தது.

மிராசுதார் குடும்பத்துக்கு நிலத்தை விற்கவேண்டும். சாலையோர நிலங்களெல்லாம் மனைக்கட்டாகிக்கொண்டிருந்த நேரம். குத்தகைக்காரன் இருக்கிற நிலத்தை எவனும் வாங்கமாட்டான். எங்களை எழுப்பவேண்டும். குத்தகை நெல் பாக்கி என்று சொல்ல வழியில்லை, அவள் ஒரு போகம்கூடத் தவறாமல் அளந்திருந்தாள். ஆகவே வேறு காரணம் கண்டுபிடித்தார்கள். சட்டப்படி குத்தகைக்காரன் என்றால் சொந்த உழைப்பில் சாகுபடி செய்யவேண்டும். இவன் செய்யவில்லை, எனவே இவன் குத்தகைக்காரனே இல்லை, நிலத்தை விடச் சொல்லுங்கள். விசாரணை மன்னார்குடியில்.

அவள் நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள். அன்றைக்குத்தான் நாற்று விட்டிருந்தாள். கையில் சேறு காயவில்லை.

"நிலம் போயிடுமா?" என்றாள்.

நான் இருக்கிறேன் அல்லவா என்றேன். அவள் என்னையும் டிவியையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு நோட்டீஸைக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டு மறுபடி வயலுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரமே மிராசுதாரின் காரியஸ்தர் மொபெட்டில் வந்து இறங்கினார். நிலத்துக்காரர்கள் சென்னையில் இருப்பதால் ஊரில் அவர்கள் காரியமெல்லாம் பார்க்கிறவர் அவர்தான். அறுபதை நெருங்கியவர், மொபெட்டிலும் குடை வைத்திருப்பவர். நான் சாகுபடி செய்கிறேனா இல்லையா என்று நேரில் பார்த்துச் சாட்சி சொல்வதற்காகத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று ஊரில் ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் வாசலில் வந்து நின்றவரை வாங்க என்று சொல்லாமல் இருக்க முடியுமா? உள்ளே வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்கு ஏதாவது கொடுக்கவேண்டும். வீட்டில் பால் இல்லை. அவள் வயலில். என்னிடம் உபரியாக இருந்தது இரண்டாவது கைக்கட்டை ஒன்றுதான்.

கொடுத்தேன்.

வேண்டாம் தம்பி, இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்றார். சும்மா பிடித்துக்கொள்ளுங்கள் ஐயா என்றேன். டாங்கி ஆட்டத்தைப் போட்டேன். அதில்தான் இரண்டு பேர் ஒரே பக்கம் நின்று ஆடலாம். கீழே நடுவில் ஒரு பறவை, அதைச் சுற்றிச் செங்கல் சுவர். மேலேயிருந்து எதிரி டாங்கிகள் வந்து சுவரை உடைத்துப் பறவையைச் சுடும். நாங்கள் இரண்டு பேரும் இரண்டு டாங்கியில் காவல்.

நான் டாங்கியை எடுத்துக்கொண்டு கண்ட இடமெல்லாம் சுற்றுவேன். அவர் பறவையை விட்டு ஓர் அடி நகரமாட்டார். அதைச் சுற்றிச் சுற்றியே வருவார், குடையோடு வரப்பைச் சுற்றுவது மாதிரி. ஏன் ஐயா, கொஞ்சம் மேலே வரக்கூடாதா என்று கேட்டதற்கு அவர் சொன்னதை இன்னும் மறக்கவில்லை.

"நீங்க போயி அடிச்சுட்டு வாங்க தம்பி. மிராச நான் பாத்துக்கறேன்."

பறவைக்கு மிராசு என்று அவரே பெயர் வைத்துவிட்டார். சம்பளம் எவ்வளவு கொடுத்தார்களோ தெரியாது, விசுவாசம் அவருக்குக் கைவிரல் நுனிவரை ஓடியது.

பிறகு அடிக்கடி வந்தார். சாட்சிக்கு ஒரு தடவை பார்த்தால் போதுமே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கரண்டு எப்போது வரும் என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு கட்டத்தில் திரையின் குறுக்கே ஆறு ஓடும், டாங்கியால் தாண்ட முடியாது. அந்தக் கட்டம் வந்தாலே இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஆடாமல் பார்த்துக்கொண்டிருப்போம். கரை நிறையத் தண்ணீர். அந்த ஆற்றில் மட்டும் எந்த வருஷமும் குறைந்ததில்லை.

சரியாக அந்தக் கட்டத்தில் ஒரு நாள் படம் சுருங்கியது. ஓரத்திலிருந்த எதிரி டாங்கி கறுப்புக்குள் மறைந்துகொண்டு அங்கிருந்து சுட்டது. மிராசு போய்விட்டது. காரியஸ்தர் கைக்கட்டையை வைத்துவிட்டு உண்மையிலேயே வருத்தப்பட்டார். அப்போது மோட்டாரைப் போட்டுவிட்டு முழங்கால் சேறோடு கொல்லைப்பக்கம் வந்து நின்ற என் மனைவியைப் பார்த்து, "ஏம்மா, நாங்க ஆத்தங்கரைக்கு வர்ற நேரம் பாத்துத்தான் மோட்டாரப் போடுவியா?" என்றார்.

அவள் அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் போய்விட்டாள். அன்று அவர் கிளம்பிய பிறகு என்னிடம் கேட்டாள்.

"அவரு எதுக்கு வர்றாருன்னு தெரியுதா உங்களுக்கு?"

"டாங்கி ஆடத்தான்" என்றேன். பெருமையாகவே சொன்னேன். எதிரியை நண்பனாக்கிவிட்டேன், வரலாற்றில் இதற்கெல்லாம் உதாரணம் உண்டு என்று அவளுக்கு விளக்கினேன். விளக்கி முடித்தபோது அவள் அங்கே இல்லை.

விசாரணை நாள் வந்தது. வக்கீல் வைக்கவில்லை. பி.ஏ. வரலாறு இருக்கும்போது வக்கீல் எதற்கு? வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அவள் இரண்டு நாளில் நடவு இருப்பதால் ஆட்களுக்குச் சொல்லிவிட்டுப் பின்னால் வந்து, அறையின் கதவோரம் நின்றாள்.

அதிகாரி கண்ணாடி போட்ட, பொறுமைசாலியான மனிதர். பக்கத்தில் ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அதிகாரி முதலில் என்னைக் கேட்டார், போன போகம் என்ன ரகம் போட்டீர்கள் என்று.

நான் யோசித்தேன். கதவுப் பக்கம் திரும்பினேன். அவள் உதட்டை அசைத்தாள். எனக்கு உதடு படிக்கத் தெரியாது.

"நெல்லுதாங்க" என்றேன்.

தட்டச்சு நின்றது. அந்தப் பெண் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவது மாதிரி குனிந்துகொண்டார்.

அடுத்து காரியஸ்தர் எழுந்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார். தான் பல தடவை நேரில் போய்ப் பார்த்ததாகவும், போன ஒவ்வொரு தடவையும் இவர் டிவி முன்னால் உட்கார்ந்து ஏதோ பெட்டியை வைத்து விளையாடிக்கொண்டிருந்ததாகவும், ஒரு நாளும் இவர் காலில் சேறு பார்த்ததில்லை என்றும் சொன்னார். ஒரு வார்த்தை பொய் இல்லை.

எவ்வளவு நேரம் இருந்து பார்த்தீர்கள் என்றார் அதிகாரி.

"கொஞ்ச நேரந்தாங்க. பாத்துட்டுக் கிளம்பிடுவேன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. நிலத்தைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆட்டத்தைப் பற்றிப் பொய் சொன்னதுதான் தாங்கவில்லை. எழுந்துவிட்டேன். கொஞ்ச நேரமா? ஆறு வருகிற கட்டத்தையும் தாண்டி, சுவரெல்லாம் இரும்பாக வருமே, அந்தக் கட்டம்வரைக்கும் என்னோடு உட்கார்ந்து ஆடியவர் இவர், கொஞ்ச நேரத்தில் அங்கே போய்விட முடியுமா, முதலில் இங்கே வளைக்கவேண்டும், அப்புறம் இந்தப் பக்கம் சுடவேண்டும் என்று கையை டாங்கியாக்கி அந்த அறையில் ஓட்டிக்காட்டினேன். அதோடு விட்டேனா? மற்ற ஆட்டம் என்றால்கூடப் பரவாயில்லை, வாத்து ஐந்தாவது, கட்டை நாலாவது, பைக் மூன்றாவது, அவையெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும், டாங்கி அப்படி இல்லை என்று வரிசையையும் ஒப்பித்தேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"பறவையச் சுத்திச் செங்கல் இருக்குமே, அதுவா?"

"அதேதாங்க" என்றேன். ஒரு ரசிகரைக் கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு.

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

"நீங்களும் ஆடுனீங்க. அவரும் ஆடுனாரு. அப்ப வயல்ல யாரு?"

டாங்கியாக நீட்டியிருந்த கையை அப்போதுதான் இறக்கினேன். மிராசைச் சுற்றியிருந்த சுவரை நானே சுட்டுவிட்டேன் என்று தெரிந்தது. காரியஸ்தரும் தரையைப் பார்த்தார்.

"நான்தாங்க" என்றாள் கதவோரம் நின்றவள்.

அதிகாரி அவளை உள்ளே கூப்பிட்டார். காரியஸ்தருக்கு வேலை ஞாபகம் வந்துவிட்டது. அதெல்லாம் இல்லை, ஆள் வைத்துத்தான் செய்கிறார்கள், இந்த அம்மா சும்மா எப்போதாவது வரப்பில் வந்து நிற்கும், பார்த்திருக்கிறேன் என்றார். அவள் வாதாடவில்லை. நாற்றங்காலில் நிற்கிற நாற்றைப் பற்றி அதிகாரி கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஆனால் அவள் வயலில் நின்றதற்குச் சாட்சி யார் என்றால், அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவரவர் வயலில் குனிந்திருந்தவர்கள். யாரையும் அவள் அழைத்துவரவில்லை. என்னை நம்பி வந்திருந்தாள்.

அப்போதுதான், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் உபயோகமாக இருந்தது. நான் எழுந்தேன். அதிகாரி உட்காரச் சொன்னார். ஒரே ஒரு கேள்வி, காரியஸ்தரிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். என்ன நினைத்தாரோ, கேளுங்கள் என்றார்.

"ஐயா, நாம ஆடுறப்ப படம் சுருங்குமா, சுருங்காதா?"

காரியஸ்தர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் காரியஸ்தர் ஒரு பக்கமும் ஆட்டக்காரர் ஒரு பக்கமும் இழுத்தது எனக்குத் தெரிந்தது. அந்த மனிதர் எவ்வளவோ பேரைப் பற்றி எவ்வளவோ சாட்சி சொல்லியிருப்பார். ஆனால் அன்றைக்கு ஆற்றங்கரையில் மிராசு போன வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"சுருங்கும்" என்றார். அதோடு நிற்க முடியவில்லை. "ஒவ்வொரு தடவையும் சுருங்கும் சார். இந்தம்மா போயி மோட்டாரப் போட்டா படம் ரெண்டு பக்கமும் சுருங்கிடும். ஒரு நாள் விடாது. நாங்க என்ன பாடுபட்டோம் தெரியுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

தட்டச்சுக்காரப் பெண், சுருங்கியது என்று அடிக்கவா, வோல்டேஜ் குறைந்தது என்று அடிக்கவா என்று கேட்டார். அதிகாரி, இந்தம்மா தினமும் மோட்டார் போட்டார் என்று அடியுங்கள், அது போதும் என்றார். குத்தகைக்காரர் மட்டும் அல்ல, அவர் குடும்பத்தில் ஒருவர் உடல் உழைப்பால் சாகுபடி செய்தாலும் சட்டத்துக்கு அது போதும் என்று எங்களுக்கு விளக்கினார். விளக்கும்போது என் வெள்ளை வேட்டியைப் பார்த்துக்கொண்டே விளக்கினார். குத்தகை நிற்கும், இனிமேல் பதிவில் இந்தம்மா பெயரையும் சேர்க்கச் சொல்கிறேன் என்றார். சேர்க்கச் சொன்னாரா, என் பெயருக்குப் பதிலாகப் போடச் சொன்னாரா என்பது எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை.

வெளியே வந்தோம். மரத்தடியில் மொபெட்டை நிமிர்த்திக்கொண்டிருந்த காரியஸ்தர் என்னைச் சைகையால் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்துப் போனேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த இரும்புச் சுவர் கட்டம் பாக்கி நிக்கிது. சனிக்கிழம வரவா?"

வாங்க ஐயா என்றேன். வாசலில் வந்து நிற்கிறவரை வேண்டாம் என்று சொல்ல முடியாது, அதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

திரும்பிப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அவளும் பக்கத்தில் நானும். வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது. கலங்கலாக, நுரையோடு, முதல் தண்ணீர். பஸ்ஸில் ஆளாளுக்கு எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். மேட்டூரிலிருந்து புறப்பட்டு எங்கள் வாய்க்கால் வந்து சேரும்வரை அதை எத்தனை பேர் முறை கேட்டு மடக்கியிருப்பார்களோ, எப்படியோ வந்துவிட்டது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துவந்தாள். முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவள் ஜெயித்த கேஸில் எனக்கும் பங்கு உண்டு என்று ஒரு எண்ணம்.

இதுவரை முதலிடத்தை நான் யாருக்கும் கொடுக்காமல் காலியாகவே வைத்திருந்தேன். தொப்பிக்காரன் எவ்வளவோ தாவிப் பார்த்தான், எட்டவில்லை. அந்த பஸ்ஸில், மூன்று ஊர் தாண்டுவதற்குள், அவளுக்கு ஐந்தையும் வரிசையாகச் சொன்னேன். எது எதனால் எந்த இடம் என்று காரணத்தோடு சொன்னேன். நாய் சிரித்ததைக்கூட மறைக்கவில்லை. டாங்கி மட்டும் இல்லையென்றால் காரியஸ்தர் நம் வீட்டில் உட்கார்ந்திருக்கமாட்டார், உட்கார்ந்திராவிட்டால் படம் சுருங்கியதைப் பார்த்திருக்கமாட்டார், பார்த்திராவிட்டால் இன்றைக்கு நிலம் நம்மிடம் இல்லை. ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லாமல் டாங்கிக்குத்தான் முதலிடம், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன்.

அவள் வாய்க்காலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"நாளைக்கு நாத்து பறிக்க ஒரு ஆளு குறையுது, வந்துருங்க."